“ஆமாம், உள்ளே விடு” என்று சொன்னது யார்?

1999 கடைசியில் மதுரையில் கரண்ட் போனால் எனக்கு இரண்டு கவலை. யுபிஎஸ் தாங்குமா என்பது ஒன்று. கரண்ட் வந்த பிறகு வரப்போகிற போன்கள் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது.

அப்போது ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் நவம்பரில்தான் அரசு இந்தத் தொழிலைத் தனியாருக்குத் திறந்துவிட்டிருந்தது. நாடு முழுக்க என்றால் ‘ஏ’ லைசென்ஸ், மாநில அளவுக்கு ‘பி’, ஒரு ஊரும் சுற்றுவட்டாரமும் போதும் என்றால் ‘சி’. நாங்கள் ‘சி’. ஒரு மாடி அறை, சத்தம் போடும் ஏசி, முப்பது போன் லைன், அதற்கு முப்பது மோடம், அத்தனையையும் ஒன்றாகக் கட்டி மேய்க்கிற போர்ட்மாஸ்டர் என்ற பெட்டி, மூலையில் லினக்ஸ் போட்ட ஒரு பிசி. அந்த பிசியில் ஓடிக்கொண்டிருந்தது ரேடியஸ் சர்வர், அதாவது டயல் செய்கிறவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து, எத்தனை நேரம் இருந்தார் என்று கணக்கும் வைக்கிற மென்பொருள்.

பிசிக்கு ஒரு யுபிஎஸ், மோடம்களுக்கும் போர்ட்மாஸ்டருக்கும் இன்னொன்று. இரண்டாவதில் பேட்டரி பழசு, பத்து நிமிஷத்தில் செத்துவிடும். போர்ட்மாஸ்டர் அணைந்ததும் அதுவரை பேசிக்கொண்டிருந்த இருபது சொச்சம் பேரின் இணைப்பும் பட்டென்று அறுந்துவிடும். சரி, கரண்ட் வந்தால் மறுபடி டயல் செய்துகொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கம். ஒருவர் உள்ளே வந்ததும் போர்ட்மாஸ்டர் ரேடியஸ் சர்வருக்கு ‘ஸ்டார்ட்’ என்று ஒரு பாக்கெட் அனுப்பும், அவர் போனதும் ‘ஸ்டாப்’ அனுப்பும். அணைந்துபோன பெட்டி எப்படி ‘ஸ்டாப்’ அனுப்பும்? ஆகவே பிசியைப் பொறுத்தவரை அந்த இருபது பேரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று நாங்கள் விதி வேறு போட்டிருந்தோம். கரண்ட் வந்து அவர்கள் திரும்ப டயல் செய்தால், மோடம் கீச்கீச்சென்று கத்தி முடித்து, பாஸ்வேர்டு சரிபார்க்கப்படுகிறது என்று திரையில் வந்து, அப்புறம் எரர் 691. உங்கள் பாஸ்வேர்டு தப்பு என்று விண்டோஸ் அடித்துச் சொல்லும். பாஸ்வேர்டில் தப்பே கிடையாது. “நீங்கள் ஏற்கனவே உள்ளே இருக்கிறீர்கள்” என்பதை விண்டோஸுக்குச் சொல்ல வழி இல்லாததால் அது தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னது.

“தம்பி, காசு கொடுத்துக் கார்டு வாங்கியிருக்கேன், பாஸ்வேர்டு தப்புங்குது, ஏமாத்துறீங்களா?” என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் ராத்திரி பதினொன்றரைக்குக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணாச்சி, ஒரு நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டே ரேட்ஸாப் என்ற கட்டளையை அடித்து அவருடைய ஆவியை சர்வரிலிருந்து விரட்டுவேன். அடுத்த டயலில் உள்ளே போய்விடுவார். இருபது பேருக்கு இருபது ஆவி ஓட்ட வேண்டும். இதில் இன்னொரு கூத்து, எத்தனை நேரம் பேசினார் என்ற கணக்கு அந்த ‘ஸ்டாப்’ பாக்கெட்டில்தான் வரும். அது வராததால் அவர் கார்டிலிருந்து ஒரு நிமிஷம்கூடக் கழியாது. கம்பெனிக்கு நஷ்டம், வாடிக்கையாளருக்குக் கோபம், எனக்குத் தூக்கம் போச்சு.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், “ண்ணே, வீட்டிலிருந்து விபிஎன்ல பாஸ்வேர்டு போட்டா அதை யாருண்ணே செக் பண்றது, அந்த ஃபயர்வாலா?” என்று கேட்டான். விபிஎன் என்பது வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வருகிற பூட்டிய வழி, ஃபயர்வால் அதன் வாசலில் நிற்கிற காவல் பெட்டி. ஃபயர்வாலுக்கு ஒன்றும் தெரியாது, அது இன்னொருத்தரைக் கேட்கும் என்றேன். யாரை என்றான். ரேடியஸை என்றேன். “அது டயல்-அப் காலத்துச் சமாச்சாரம் இல்லையா?” என்று சிரித்தான். அவன் சொன்னது சரிதான். ரிமோட் ஆதென்டிகேஷன் டயல்-இன் யூசர் சர்வீஸ் என்பதன் சுருக்கம்தான் ரேடியஸ், அதற்குள்ளேயே டயல்-இன் என்ற வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. டயல்-இன் செத்துப் பல காலம் ஆகிறது, ரேடியஸ் சாகவில்லை. உங்கள் வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டரில் பிபிபிஓஇ என்று யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டிருந்தால் அந்தப் பக்கம் பதில் சொல்வது பெரும்பாலும் ஒரு ரேடியஸ் சர்வர்தான். ஆபீஸ் வைஃபையில் உங்கள் பெயரில் லாகின் ஆகிறீர்களா, அங்கேயும் அதுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் யார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. இன்டர்காமில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “சார், குமார்னு ஒருத்தர் வந்திருக்கார், இந்த பாஸ்வேர்டு சொல்றார், விடலாமா?” என்று கேட்பார். வீட்டுக்காரர், “விடு” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்வார். “விடு, ஆனா ஒரு மணி நேரம்தான்” என்றும் சொல்லலாம். அந்த வாட்ச்மேன்தான் அன்றைய போர்ட்மாஸ்டர், இன்றைய ஃபயர்வால் அல்லது வைஃபை கன்ட்ரோலர். வீட்டுக்காரர் ரேடியஸ் சர்வர். கேள்விக்குப் பெயர் ஆக்செஸ்-ரிக்வெஸ்ட். பதில் ஆக்செஸ்-அக்செப்ட் அல்லது ஆக்செஸ்-ரிஜெக்ட். அக்செப்டோடு சேர்த்து ஐபி முகவரி, எத்தனை விநாடி விடலாம் என்பதெல்லாம் வரும். எங்கள் 25 மணி நேரக் கார்டை முதல் தடவை போட்டால் சர்வர் “90000” என்று அனுப்பும். போர்ட்மாஸ்டர் விநாடியை எண்ணிக்கொண்டே இருந்து, முடிந்ததும் லைனை வெட்டிவிடும்.

இதை உருவாக்கியவர்கள் ஒன்றும் பெரிய கனவோடு உட்காரவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகங்களை இணைத்து நெட்வொர்க் நடத்திய மெரிட் என்ற அமைப்பு 1991-இல், எங்களுக்கு டயல்-இன் வேண்டும், ஆட்களை ஒரே இடத்தில் சரிபார்க்கவும் வேண்டும், யார் செய்து தருவீர்கள் என்று கேட்டது. போர்ட்மாஸ்டர் செய்த லிவிங்ஸ்டன் என்ற கம்பெனி, இப்படிச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்து ஒப்பந்தம் வாங்கியது. பிறகு 1997-இல் அது ஆர்எஃப்சி, அதாவது இன்டர்நெட்டின் விதிமுறை ஆவணம் ஆனது, 2000 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 2865-தான் இன்றும் எல்லோரும் பார்க்கிற பிரதி. ஆரம்பத்தில் யுடிபி 1645-ஆம் போர்ட்டை எடுத்துக்கொண்டார்கள், போர்ட் என்பது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சேவைக்கும் கொடுக்கிற கதவு எண். அது ஏற்கனவே வேறொரு சேவையின் பெயரில் இருந்தது தெரிந்து 1812-க்கு மாறினார்கள். பல பெட்டிகளில் இன்றும் பழைய எண்தான் இருக்கும், சர்வர் 1812-இல் காத்திருக்கும், அது தெரியாமல் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவம் இந்தத் துறையில் எல்லோருக்கும் ஒன்று இருக்கும். பின்னால் இதற்கு மாற்றாக ஒன்று கொண்டுவந்து அதற்கு டயாமீட்டர் என்று பெயர் வைத்தார்கள், ஆரத்தைப் போல் இரண்டு மடங்காம் விட்டம். கடி ஜோக்தான். அது மொபைல் கம்பெனிகளோடு நின்றுவிட்டது, ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சரி, பாஸ்வேர்டு எப்படிப் போகிறது? இதில் பல வருஷம் நானே தப்பாகப் புரிந்துவைத்திருந்த ஒரு விஷயம் உண்டு.

டயல் செய்பவருக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் இரண்டு பழைய வழிகள். பேப் என்பது ஒன்று. பாஸ்வேர்டை அப்படியே சொல்லிவிடுவது. சாப் என்பது இன்னொன்று. அங்கே பாஸ்வேர்டைச் சொல்லவே மாட்டார்கள். வாட்ச்மேன் ஏதோ ஒரு குருட்டாம்போக்கு எண்ணைக் கொடுப்பார். இந்தப் பக்கம் உள்ள கம்ப்யூட்டர் அந்த எண்ணையும் பாஸ்வேர்டையும் சேர்த்து எம்டி5 என்ற அரவையில் போட்டு, வருகிற 16 பைட் மாவை மட்டும் திருப்பிக் கொடுக்கும். மாவிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்த தடவை எண் வேறு, மாவும் வேறு. ஆகவே ஒட்டுக்கேட்டவன் அதே மாவைக் கொண்டுவந்து நீட்டினால் பலிக்காது. இதைப் படித்ததும் 2000-இல் நான் துள்ளிக் குதித்து எல்லோரையும் சாப்புக்கு மாற்றினேன். பேப் என்றாலே பட்டிக்காடு என்று நினைப்பு.

மாற்றிய பிறகுதான் உறைத்தது. சாப்பின் மாவைச் சரிபார்க்க வேண்டுமென்றால் சர்வரும் அதே அரவையைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரின் அசல் பாஸ்வேர்டும் அதன் கையில் இருக்க வேண்டும். ஹாஷ் செய்து, அதாவது அரைத்த மாவாக மட்டும் பூட்டிவைத்தால் சாப் வேலை செய்யாது. பேப்பில் இந்தத் தொல்லை இல்லை, வந்த பாஸ்வேர்டை ஹாஷ் செய்து பார்த்துவிட்டால் முடிந்தது. கம்பியில் பத்திரம் வேண்டுமென்றால் பெட்டியில் அம்மணம், பெட்டியில் பத்திரம் வேண்டுமென்றால் கம்பியில் அம்மணம். எங்கள் பிசியில் ‘யூசர்ஸ்’ என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் நானூறு பேரின் பாஸ்வேர்டும் வரிசையாக, யாரும் படிக்கிற மாதிரி. பாதிப் பேருக்கு சாமி பெயர், மீதிப் பேருக்கு போன் நம்பர். அதை வாரம் ஒருமுறை ஃபிளாப்பியில் பேக்கப் எடுப்போம். ஒரு நாள் காலையில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது பார்த்தால், மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் வட்டமாகக் கறை படிந்து கிடந்தது அந்த வார ஃபிளாப்பி. கார்டு வாங்க வந்து காத்திருந்த காலேஜ் பையன்கள் உட்கார்கிற பெஞ்சிலிருந்து கை நீட்டினால் எட்டும். யாராவது டெலிபோன் லைனில் ஏறி பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்பான் என்று பயந்துகொண்டிருந்த நான், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மைக்ரோசாஃப்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்யப் பார்த்தது, எம்எஸ்-சாப். சர்வரில் அசல் பாஸ்வேர்டு வேண்டாம், அதன் ஹாஷ் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு முழுக்க ஹாஷை வைத்தே நடப்பதால், ஹாஷைத் திருடியவனுக்கு அசல் பாஸ்வேர்டு தேவையே இல்லை, ஹாஷே பாஸ்வேர்டு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் பதிப்பிலும் அடிப்படை மாறவில்லை. 16 பைட் ஹாஷை ஏழு, ஏழு, இரண்டு என்று மூன்று துண்டாக்கி ஒவ்வொன்றையும் டெஸ் என்ற பழைய பூட்டுக்குச் சாவியாக்கினார்கள். கடைசித் துண்டில் இரண்டே பைட், அதாவது 65,536 சாவிதான், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு துண்டும் பூட்டுவது ஒரே விஷயத்தை, ஆகவே ஒரு சுற்றுத் தேடலில் இரண்டுமே அகப்பட்டுவிடும். 2012 டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் இதைச் செய்துகாட்டினார்கள். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பொருட்டே இல்லை, ஒரு நாளுக்குள் உடைந்துவிடும் என்றார்கள். எம்எஸ்-சாப்பை வைத்து ஓடுகிற பிபிடிபி வகை விபிஎன்னை நம்பிக்கொண்டிருந்த ஆபீஸ்கள் எல்லாம் அன்று கொஞ்சம் வேர்த்தன. எல்லாம் என்று சொல்லக்கூடாது, செய்தியைப் படித்தவை மட்டும்.

இவ்வளவுக்கும் இது வாசலில் நடக்கிற பேச்சு. வாட்ச்மேனுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருக்கிற இன்டர்காம் கம்பி? அங்கேதான் ஷேர்டு சீக்ரெட் என்று ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே ரகசியச் சொல்லை வைத்திருக்கும். பாஸ்வேர்டை அந்தச் சொல்லை வைத்து எம்டி5-இல் அரைத்த மாவோடு கலந்து அனுப்பும். பாக்கெட்டில் மறைத்து அனுப்புவது அந்த ஒரு பாஸ்வேர்டுக் கட்டத்தைத்தான். பெயர், எந்த வாசல், எந்த ஐபி எல்லாம் பச்சையாகவே போகும். அந்த ரகசியச் சொல் பலவீனமாக இருந்தால் கதை கந்தல். கம்பியில் ஒட்டுக்கேட்பவன் தன்னுடைய சொந்தப் பாஸ்வேர்டிலேயே ஒருமுறை லாகின் செய்து, அந்தப் பாக்கெட்டைப் பிடித்து, தெரிந்த பாஸ்வேர்டைக் கழித்தால் மிச்சம் இருப்பது ரகசியச் சொல்லின் மாவு. வீட்டுக்கு எடுத்துப்போய் அகராதியை வைத்துப் பொறுமையாகத் தேடலாம். அவனுடைய பாஸ்வேர்டே கோடாரிக்காம்பு. ஃப்ரீரேடியஸ் என்ற இலவச ரேடியஸ் மென்பொருளோடு வருகிற மாதிரி அமைப்பில் அந்தச் சொல் ‘டெஸ்டிங்123’ என்று இருக்கும், சோதித்துப் பார்க்க மட்டும். சோதனை முடிந்து ஏழு வருஷம் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிஜ சர்வரில் அதையே பார்த்திருக்கிறேன். அவர்கள் யார் என்று சொல்ல மாட்டேன், நல்ல டிபன் வாங்கிக் கொடுத்தார்கள்.

வைஃபை வந்தபிறகு நிலைமை கொஞ்சம் திருந்தியது, அதற்கு ஈஏபி காரணம், வாட்ச்மேனைத் தாண்டி போனும் சர்வரும் நேராகப் பேசிக்கொள்ள விடுகிற ஒரு முறை. என் அக்கா மகள் ஆராய்ச்சி மாணவி. ஒரு கருத்தரங்குக்கு ஆம்ஸ்டர்டாம் போயிருந்தபோது போன் செய்தாள். “மாமா, இங்க யுனிவர்சிட்டிக்குள்ள நுழைஞ்சதும் வைஃபை தானா கனெக்ட் ஆயிடுச்சு, நான் எதுவுமே போடலை. என் காலேஜ் பாஸ்வேர்டு இவங்களுக்கு எப்படித் தெரியும்?” எடுரோம் என்று போனில் பெயர் வந்திருக்குமே என்றேன். ஆமாம் என்றாள். ஒரு கல்லூரியின் கணக்கை வைத்து மற்றக் கல்லூரிகளிலும் வைஃபைக்குள் போக விடுகிற ஏற்பாடு அது, ஐரோப்பாவில் ஆரம்பித்தது. இந்தியாவின் கல்வி நெட்வொர்க்கான எர்நெட்டும் இலங்கையின் லேர்ன் அமைப்பும் அதில் இருக்கின்றன. முழுக்க முழுக்க ரேடியஸ்தான். ஆம்ஸ்டர்டாம் சர்வர் அவளுடைய யூசர்நேமில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கும், நம்ம ஆள் இல்லை என்று மேலே இருக்கிற சர்வருக்குத் தள்ளும், அது இந்தியப் பக்கம் தள்ளும், கடைசியில் அவளுடைய கல்லூரி சர்வர் வரை வரும். பாஸ்வேர்டு அவள் போனிலிருந்து கல்லூரி சர்வர் வரை ஒரு பூட்டிய குழாய்க்குள் போகிறது, நடுவில் இருக்கிற ஒருவராலும் பார்க்க முடியாது. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கடைசியில் திரும்பி வருகிற “விடு” மட்டும். அவள் அதைக் கேட்டு, “அப்ப அந்த ‘விடு’வ நம்பித்தான் உள்ளயே விட்டாங்களா?” என்றாள். மாணவி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் குழாய் உண்மையான கல்லூரி சர்வரோடுதான் போடப்பட்டது என்று, சர்வர் காட்டுகிற சான்றிதழைப் பார்த்து போன் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதை நம் ஆட்கள் எப்படிச் செய்தார்கள்? ஆண்ட்ராய்டில் “சரிபார்க்க வேண்டாம்” என்று ஒரு தேர்வு இருந்தது. ஒவ்வொரு ஆபீஸிலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய வைஃபை வழிமுறைத் தாளில் மூன்றாவது வரியே அதுதான். அதே பெயரில் எவனாவது ஒரு போலி வைஃபையை வாசலில் வைத்தால் போன் அவனோடு குழாய் போட்டு, உள்ளே எம்எஸ்-சாப் மாவைக் கொடுத்துவிடும். மேலே சொன்னேனே, ஒரு நாளில் உடையும் மாவு, அதையேதான். 2020 கடைசியில் பிக்சல் போன்களில் ஆரம்பித்து கூகுள் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. ஐடி ஆட்கள் திட்டித் தீர்த்தார்கள், நானும் ஒரு வாரம் திட்டினேன். பிறகு தாளை மாற்றி அச்சடித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேப்பா சாப்பா, ஹாஷா அசலா என்று இத்தனை வருஷம் நாங்கள் சண்டை போட்டது எல்லாமே கேள்வியைப் பற்றித்தான். போகிற பாஸ்வேர்டை எப்படி மறைப்பது என்பதைப் பற்றி. வருகிற பதிலை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வாட்ச்மேன் காதில் விழுகிற “விடு” உண்மையிலேயே வீட்டுக்காரர் சொன்னதுதானா?

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. பாஸ்டன் பல்கலைக்கழகம், சான் டியாகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கிளவுட்ஃப்ளேர், மைக்ரோசாஃப்ட், நெதர்லாந்தின் சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையம் ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பிளாஸ்ட்-ரேடியஸ் என்று ஒரு தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். படித்து முடித்ததும் காபி ஆறிப்போயிருந்தது.

நடப்பது இதுதான். இன்டர்காம் கம்பியின் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் அவனே குமார் என்று சொல்லிக்கொண்டு வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போடுகிறான். வாட்ச்மேன் கேட்கிறார், வீட்டுக்காரர் “வேண்டாம்” என்கிறார். பதிலோடு ஒரு முத்திரையும் வரும், இது நான் சொன்னதுதான் என்பதற்கு. அந்த முத்திரை பதிலையும், கடைசியில் ரகசியச் சொல்லையும் சேர்த்து அரைத்த எம்டி5 மாவு. எம்டி5-இல் இரண்டு வெவ்வேறு பொருளை அரைத்து ஒரே மாவு வரவைக்க முடியும் என்று 2004-லேயே சீன ஆராய்ச்சியாளர் வாங் சியாவ்யுன் குழு காட்டிவிட்டது. 2007-இல், நீ சொல்கிற எந்த இரண்டு தொடக்கத்துக்கும் பின்னால் கொஞ்சம் குப்பையைச் சேர்த்து ஒரே மாவாக்கலாம் என்றும் காட்டிவிட்டார்கள். ஆக நடுவில் இருப்பவன், “வேண்டாம் + குப்பை” என்பதும் “விடு + வேறு குப்பை” என்பதும் ஒரே மாவு தருகிற மாதிரி இரண்டு குப்பையைக் கணக்குப் போட்டு எடுக்கிறான். ரகசியச் சொல் கடைசியில் வருவதால் அது என்னவென்றே அவனுக்குத் தெரிய வேண்டாம், அதற்கு முன்னால் வரை மாவு ஒன்றாகிவிட்டால் பின்னால் எதைச் சேர்த்தாலும் ஒன்றுதான். முதல் குப்பையை வீட்டுக்காரர் எப்படித் தன் பதிலில் சேர்ப்பார்? அதற்குத்தான் ப்ராக்ஸி-ஸ்டேட் என்று ஒரு கட்டம். கேள்வியில் அது இருந்தால் பதிலில் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அக்கா மகள் கதையில் வந்த மாதிரி சர்வர் சர்வராகத் தள்ளும்போது வழி தெரிவதற்காக வைத்த கட்டம் அது. இவன் கேள்வியில் குப்பையைச் செருகுகிறான், வீட்டுக்காரர் பொறுப்பாக அதைத் திருப்பிச் சொல்லி முத்திரை குத்துகிறார், இவன் முத்திரையை வைத்துக்கொண்டு “வேண்டாம்” என்பதை “விடு” ஆக்கி வாட்ச்மேனுக்குக் கொடுக்கிறான். கதவு திறக்கிறது. குமாரின் பாஸ்வேர்டு கடைசிவரை அவனுக்குத் தெரியாது. தேவையும் இல்லை.

இருபத்தைந்து வருஷம் பாஸ்வேர்டுக்குக் காவல் இருந்தேன். ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வந்தவன் பாஸ்வேர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் குப்பைக் கணக்கைப் போட ஆராய்ச்சியாளர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு நிமிஷம் பிடித்தது. பெரும்பாலான பெட்டிகள் பதிலுக்கு அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம் காத்திருக்கும், அதற்குள் முடிக்க நல்ல வன்பொருள் வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றில் ஒரு கல் விழுந்தது. ஏனென்றால் முந்தின வருஷம் விபிஎன்னுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்தபோது, போனில் ‘அனுமதிக்கவா’ என்று வருமே அது, எங்கள் ஃபயர்வால் ஐந்து விநாடிதான் காத்திருந்தது. மனுஷன் போனைத் தேடி எடுத்து அமுக்க இருபது விநாடி ஆகும். அதற்குள் ஃபயர்வால் பதில் வரவில்லை என்று கேள்வியைத் திரும்ப அனுப்பும், போனில் இரண்டாவது அறிவிப்பு வரும், பயந்துபோய் ‘மறு’ என்று அமுக்குவார்கள், கணக்கு பூட்டிக்கொள்ளும். ஒரு வாரம் முழுக்க இதே புகார். கடைசியில் நான்தான் காத்திருக்கும் நேரத்தை 90 விநாடியாக ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கம்பியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என் கையாலேயே கூடுதல் அவகாசம் கொடுத்திருக்கிறேன்.

எடுரோம் மாதிரி ஈஏபி-யில் போகிறவை இதில் தப்பித்தன. அங்கே மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற இன்னொரு முத்திரை கட்டாயம், அது ரகசியச் சொல்லை வேறு விதமாகச் சேர்த்து அரைக்கும், குப்பைத் தந்திரம் பலிக்காது. பேப், சாப், எம்எஸ்-சாப் பேச்சுகளில் அது இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். பல விபிஎன்களில் போவது பேப்தான். ஆகவே மருந்து என்னவோ சுலபம், எல்லாப் பெட்டியும் அந்த முத்திரையை அனுப்ப வேண்டும், இல்லாததைத் தூக்கிப் போட வேண்டும். இன்னும் நல்லது, பேச்சு முழுவதையும் டிஎல்எஸ் என்ற பூட்டிய குழாய்க்குள் போட்டுவிடுவது. அதற்கான ஆர்எஃப்சி 2012-ஆம் வருஷமே வந்துவிட்டது, செய்தவர்கள் குறைவு.

அந்த வாரமே சர்வரைப் புதுப்பித்தேன். ஃப்ரீரேடியஸின் புதுப் பதிப்பில் ‘ஆட்டோ’ என்று ஒரு நல்ல ஏற்பாடு, ஒரு பெட்டி ஒருமுறை முத்திரையோடு பேசிவிட்டால் அதன்பிறகு முத்திரை இல்லாமல் வந்தால் மதிக்காது. எங்கள் பதினேழு பெட்டிகளில் பதினாறு ஒழுங்காகப் பேசின. திருப்பூர் கிளையில் ஒரு பழைய பெட்டி மட்டும் முத்திரை என்றால் என்னவென்றே தெரியாத பிறவி. தயாரித்தவர்கள் அந்த மாடலைக் கைகழுவி நாலு வருஷம் ஆகிறது. மேனேஜரிடம் போனேன். “ஓடுதுல்ல?” என்றார். ஓடுது சார் என்றேன். “அப்ப அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்.”

அந்தப் பெட்டியிலிருந்து சர்வருக்கு ஐபிசெக் என்ற இன்னொரு பூட்டிய குழாயைத் தனியாகப் போட்டு, சர்வர் ஃபைலில் அதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, மேலே ஒரு கமென்ட் எழுதினேன்: ‘தற்காலிகம், 2024 ஜூலை’. போன வாரம் பையனுக்கு ஃபைலைத் திறந்து காட்டும்போது அவன் விரல் நேராக அந்த வரியில் போய் நின்றது. “ண்ணே, இது இன்னும் இருக்கே?” என்றான். இருக்கு என்றேன்.